பழைய மவுண்டன் சைக்கிள் பிறேமுக்குப் புதுக் கியர் பூட்டுவது

கொட்டிலில் சாத்திக் கிடக்கும் பழைய மவுண்டன் சைக்கிளைப் பழைய இரும்புக்கு நிறுத்துக் கொடுக்குமுன் பிறேமை ஒருமுறை நன்றாகப் பாருங்கள். ஜப்பானில் ஓடி இங்கே இறங்கியதாக இருக்கலாம், வெளிநாட்டு உறவினர் அனுப்பியதாக இருக்கலாம், ரவுணில் புதிதாக வாங்கியதாகவும் இருக்கலாம். சீற் குழாயைக் கழற்றி உள்ளே ரோச் அடித்துப் பாருங்கள். பெடல் அச்சுப் பெட்டியைச் சுற்றியும், பின் கவைகளிலும், ஹாண்டில் குழாய் ஒட்டிலும் வெடிப்பு இல்லையா என்று துணியால் துடைத்துப் பாருங்கள். உள்துருவும் வெடிப்பும் இல்லாத இரும்புப் பிறேம் இன்னும் பல ஆண்டு ஓடும். தேய்ந்து போயிருப்பது செயினும் பற்சில்லும் வயரும்தான்.

இந்த வேலையில் காசு வீணாவது பெரும்பாலும் ஒரே இடத்தில்: முதலில் கியர் செற்றை வாங்கிவிட்டு, பிறகு அது பிறேமில் ஏறுமா என்று பார்ப்பது. கொழும்பிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ வந்த சாமானைத் திருப்பி அனுப்புவது லேசான காரியமில்லை. ஆகவே முதலில் அளவு. அளவை எழுதி வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

எடுக்கவேண்டிய அளவுகள்

வேர்ணியர் கலிப்பர் இருந்தால் நல்லது. இல்லையென்றால் இரும்பு அடிமட்டம் போதும்.

பின் சில்லைக் கழற்றி, இரண்டு பின் கவைகளின் உள்முகங்களுக்கு இடையே அளவுங்கள். 135 மி.மீ. வந்தால் கவலையில்லை; இன்றும் கிடைக்கும் குயிக்-ரிலீஸ் (சாவியில்லாமல் கைப்பிடியால் இறுக்கும்) ஹப்கள், அதாவது சில்லின் நடுப்பாகங்கள், நேரே ஏறும். எண்பதுகளின் கடைசி, தொண்ணூறுகளின் தொடக்கப் பிறேம்களில் 130 வரும். அது இரும்பானால் சில்லைப் போடும்போது கையால் பக்கத்துக்கு 2.5 மி.மீ. விரித்தால் போதும். 126 வந்தால் அது இன்னும் பழசு. இரும்பை நிரந்தரமாக விரிக்கவேண்டும், அதைக் கீழே சொல்கிறோம். அலுமினியப் பிறேமை விரிக்கவே வேண்டாம். அப்போதே வெடிக்காவிட்டாலும் ஒட்டில் களைத்து, ஓடும்போது வெடிக்கும். காந்தம் ஒட்டினால் இரும்பு, ஒட்டாவிட்டால் பெரும்பாலும் அலுமினியம். இன்றைய மவுண்டன் சைக்கிள்களில் வரும் 142, 148 மி.மீ. துளை-அச்சு ஹப்கள் இந்தப் பிறேம்கள் எதிலும் போகா. விலை மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.

அடுத்தது பெடல் அச்சுப் பெட்டி, கடையில் பிபி என்று கேட்பது. அதன் அகலம் 68 அல்லது 73 மி.மீ. வரும். ஜப்பான் பிறேம்களிலும் இங்கே கிடைக்கும் பெரும்பாலான மவுண்டன் பிறேம்களிலும் ஆங்கிலப் புரிதான்: 1.37 அங்குலம், அங்குலத்துக்கு 24 புரி. இந்தப் புரியில் புதிய பிபி இன்றும் வருகிறது. பழைய பிறேமுக்குப் புதுச் சாமான் பூட்ட முடிவதற்குப் பெரிய காரணமே இதுதான்.

மூன்றாவது, முன் பற்சில்லுக்கும் செயின் பக்கத்துப் பின்குழாய்க்கும் உள்ள இடைவெளி. பற்சில்லின் ஆரத்தைக் கணக்கிட ஒரு சுலபமான வழி: பல் எண்ணிக்கையை 2-ஆல் பெருக்கி 4 கூட்டுங்கள், மி.மீ. அளவு வரும். 32 பல்லுக்கு 68, 36 பல்லுக்கு 76. பிபி நடுவிலிருந்து அந்தத் தூரத்தில் பின்குழாயில் பேனாவால் கோடு போட்டு, அந்த இடத்தில் பற்சில்லு வரும் தளத்துக்கும் குழாய்க்கும் இடையே குறைந்தது 3 மி.மீ. இருக்கிறதா என்று பாருங்கள். ஏறி மிதிக்கும்போது பிறேமும் கிராங்கும் (பெடல் பூட்டிய கையும்) சற்று நெளியும், 1 மி.மீ. மட்டும் விட்டால் குழாயில் உரசிப் பெயின்ற் போய், அந்த இடத்திலிருந்து துருப்பிடிக்கும்.

கடைசியாக, டெரெய்லர் (செயினை ஒரு கியரிலிருந்து மற்றதுக்குத் தள்ளும் பொறி) தொங்கும் ஹாங்கர். கவையோடு சேர்ந்த ஹாங்கர் என்றால் துளையின் புரி 10 மி.மீ. விட்டம், 1 மி.மீ. இடைவெளி. புது டெரெய்லர்களும் பெரும்பாலும் இதே புரிதான். மலிவான சைக்கிள்களில் ஹாங்கர் இல்லாமல், அச்சு நட்டோடு சேர்த்து இறுக்கும் தகடு இருக்கும். அதிலும் ஒன்பது கியர் ஓடும். ஆனால் சில்லைக் கழற்றிப் பூட்டும் ஒவ்வொரு முறையும் தகடு இருந்த இடத்திலேயே உட்கார்ந்ததா என்று பார்க்கவேண்டும்.

பிறேமில் டிஸ்க் பிறேக் காது இல்லாவிட்டால் ரிம் பிறேக்கோடுதான் இருக்கவேண்டும். காது வைத்து ஒட்டுகிறோம் என்று வெல்டிங்காரர் சொன்னாலும் மெல்லிய குழாயில் அதைச் செய்விக்காதீர்கள். பிறேக் விசை முழுக்க அந்த ஒட்டில்தான் விழும்.

எத்தனை கியர் வேண்டும்?

விளம்பரத்தில் 11 கியர், 12 கியர், 51 பல் என்று வரும். அவை மலைக்குச் செய்தவை. யாழ் குடாநாடு சமதரை; இங்கே மிதிப்பவருக்கு எதிரி மேடல்ல, காற்று. மே முதல் செப்ரெம்பர் வரை சோழகம் (தென்மேற்குக் காற்று) அடிக்கும்போது பண்ணைத் தாம்போதியில் வேலணைப் பக்கம் மிதித்துப் பார்த்தவருக்குத் தெரியும். மரமில்லை, மறைப்பில்லை, காற்று ஒரே சீராகவும் இல்லை. அப்போது வேண்டியது மிகச் சிறிய கியர் அல்ல, நெருக்கமான கியர். மிதிக்கும் வேகம் கெடாமல் ஒரு படி இறங்க, ஒரு படி ஏறக்கூடியதாக இருக்கவேண்டும்.

அதனால் நாங்கள் சொல்வது: முன்னால் ஒரே பற்சில்லு 36 பல், பின்னால் ஒன்பது கியர் 11–32 கசெற் (பின்சில்லின் பற்சில்லு அடுக்கு). அதன் படிகள் 11, 12, 14, 16, 18, 21, 24, 28, 32. 26 அங்குலச் சில்லில் 1.95 ரயர் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2.05 மீற்றர் போகும். நிமிடத்துக்கு 80 சுற்று மிதித்தால் 36-க்கு 11 மணிக்கு 32 கிலோமீற்றர். 16-இல் 22, 18-இல் 20, 21-இல் 17. எதிர்காற்றில் புழங்கும் வேகம் இந்த மூன்று படிக்குள்தான் அடங்கும். கடைசி 32-இல் மணிக்கு 11 கிலோமீற்றர். கரியரில் ஒரு மூட்டை அரிசி இருந்தாலும் மணலொழுங்கையில் இறங்காமல் போகலாம்.

மலையகத்துக்குக் கொண்டுபோகும் எண்ணம் இருந்தால் கணக்கு வேறு. அப்போது முன்னால் 32, பின்னால் 11–36. இன்னும் வேண்டுமென்றால் பத்துக் கியர் 11–46 அல்லது 11–48.

ஒன்பதைச் சொல்வதற்கு இன்னொரு காரணம், உடைந்தால் கிடைக்கவேண்டும். எட்டு, ஒன்பது கியர்ச் செயினும் கசெற்றும் மலிவு, தடிப்பு, தேய்வும் மெதுவு. செயின் ஒன்றைக் கொழும்பிலிருந்து வரவழைக்க ஒரு கிழமை காத்திருக்கும் சைக்கிளை வேலைக்குப் போகப் பயன்படுத்த முடியாது.

எது எதோடு சேரும்

கியர் மாறுவது ஒரு பெருக்கல் கணக்கு. ஷிஃப்டர் (ஹாண்டிலில் உள்ள கியர் மாற்றும் பிடி) ஒரு கிளிக்குக்கு வயரை இத்தனை மி.மீ. இழுக்கும், டெரெய்லர் அதை ஒரு விகிதத்தால் பெருக்கிப் பக்கவாட்டில் நகரும், அந்த நகர்வு கசெற்றில் இரண்டு பற்சில்லுக்கு நடுவே உள்ள தூரத்துக்குச் சமமாக இருக்கவேண்டும். சிமானோவின் ஒன்பது கியர் ஷிஃப்டர் ஏறத்தாழ 2.5 மி.மீ. இழுக்கும், டெரெய்லர் விகிதம் 1.7, பெருக்கினால் 4.25, கசெற் இடைவெளி 4.35. பொருந்துகிறது. எட்டுக் கியரில் 2.8 இழுப்பு, அதே 1.7, இடைவெளி 4.8. ஆகவே சிமானோவின் ஏழு, எட்டு, ஒன்பது கியர் மவுண்டன் டெரெய்லர்கள் ஒன்றுக்கொன்று மாறும்.

பத்துக் கியர் மவுண்டன் டெரெய்லர் வந்தபோது விகிதம் 1.2 ஆகக் குறைந்தது, ஷிஃப்டர் இழுப்பு 3.4 ஆகக் கூடியது. ஒன்பது கியர் ஷிஃப்டரைப் பத்துக் கியர் டெரெய்லரோடு பூட்டினால் ஒரு கிளிக்குக்கு 3 மி.மீ.தான் நகரும், 4.35 வேண்டும். எந்த ஸ்குறூவைத் திருப்பினாலும் அது சரிவராது. "டியூனிங் பிழை" என்று நாளெல்லாம் திருகுபவர்கள் இந்தக் கணக்கைத்தான் தவறவிடுகிறார்கள். சேரும் விதி சுருக்கமானது: ஷிஃப்டரும் டெரெய்லரும் ஒரே கம்பனி, ஒரே குடும்பம், கசெற்றும் செயினும் ஷிஃப்டரின் எண்ணிக்கைக்கு.

கசெற் எந்த ஹப்பில் ஏறும் என்பது தனிக் கேள்வி. சிமானோவின் பழைய எச்.ஜி. பிறீஹப், அதாவது ஹப்பில் கசெற் ஏறும், எட்டு முதல் பத்துக் கியர் வரை ஓடும் உடல், இன்றைய பல செற்றுகளுக்கும் போதும். மைக்ரோஷிஃப்ட் அட்வென்ற் ஒன்பது கியர் 11–42, அட்வென்ற் எக்ஸ் பத்துக் கியர் 11–48, சிமானோ டியோரே எம்4100 பத்துக் கியர், எம்5100 பதினொரு கியர் 11–51, ஸ்ராம் என்.எக்ஸ். ஈகிள் பன்னிரண்டு கியர், இவை எல்லாம் அதே உடலில் ஏறும். சிமானோ கியூஸ் செற்றின் லிங்க்கிளைட் கசெற்றும் ஏறும். ஆனால் கியூஸ் ஷிஃப்டர், டெரெய்லர், கசெற் மூன்றையும் சேர்த்தே வாங்கவேண்டும். டியோரே எம்6100 பன்னிரண்டு கியருக்கு மைக்ரோ ஸ்பிளைன் என்ற வேறு உடல் தேவை. ஸ்ராமின் புதிய ரிரான்ஸ்மிஷன் செற்றுக்கு அதற்கென்றே செய்த ஹாங்கர் உள்ள பிறேம் வேண்டும். பழைய பிறேமுக்கு அது ஆகாது.

ஆயுதங்கள்

அலன் கீ 4, 5, 6, 8 மி.மீ.; கிராங் கழற்றி; 20 பல் பிபி சாவி; கசெற் பூட்டுவளையச் சாவி; செயின் கழற்றி; கூரான வயர் வெட்டி. கசெற்றைப் பிடித்துக்கொள்ளும் செயின் சவுக்கு கிடைக்காவிட்டால், 40 செ.மீ. நீளத் தட்டை இரும்பில் பழைய செயின் துண்டொன்றை ஒரு முனையில் போல்ட் அடித்துக் கொள்ளலாம். கடைச்சல் பட்டறையில் சில நிமிட வேலை. பொருளாதாரத் தடைக் காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட ஊர் இது. ஒரு சவுக்குச் செய்யத் தெரியாத பட்டறை இங்கே இல்லை.

ரோர்க் சாவி இல்லாவிட்டால் கணக்காக இறுக்கலாம். 40 நியூட்டன் மீற்றர் என்பது 25 செ.மீ. நீளச் சாவியின் நுனியில் 16 கிலோ பாரம் தொங்கினால் வரும் இறுக்கம். கையில் அந்தப் பாரம் எப்படி இருக்கும் என்று ஒருமுறை தராசில் பிடித்துப் பழகிவிட்டால் போதும்.

பின் சில்லு

பழைய ஹப்பில் இருப்பது பிறீவீலா பிறீஹப்பா என்று முதலில் பிரித்தறிய வேண்டும். சில்லைக் கையில் பிடித்து, பற்சில்லைப் பின்னோக்கிச் சுழற்றுங்கள். அச்சுக்குப் பக்கத்தில் சாவி போகும் வெட்டுப் பகுதி பற்சில்லோடு சேர்ந்து சுழன்றால் பிறீஹப்பில் ஏறிய கசெற். அது நிலையாக நின்றால் புரியில் ஏறிய பிறீவீல்.

பிறீவீல் என்றால் ஹப்பை மாற்றுவதே நல்லது. வசதிக்காக மட்டுமல்ல. பிறீவீல் ஹப்பில் வலப்பக்கக் குண்டுகள் பற்சில்லுகளுக்கு உள்ளே, கவையிலிருந்து தள்ளி இருக்கும். தாங்கலில்லாத அச்சின் நீளம் கூடுவதால் கரியரில் பாரம் ஏற்றினால் அச்சு வளையும், ஒடியும். பிறீஹப்பில் குண்டு வெளியோரத்தில் இருக்கும். பாரம் ஏற்றும் சைக்கிளுக்கு இந்த மாற்றம் ஒன்றே போட்ட காசுக்கு ஈடு.

பிறீவீலைக் கழற்ற, அதற்குரிய சாவியை வைஸில் பிடித்து, சில்லை அதன்மேல் வைத்து ரிம்மை இரு கையாலும் இடஞ்சுழியாகத் திருப்புங்கள். ரிம்மே நெம்புகோலாகும். கம்பியை அறுத்துவிட்டுப் பிறகு கழற்ற முயலாதீர்கள். ரிம் போனால் பிடிக்க எதுவும் இல்லை.

புது ஹப்பின் துளை எண்ணிக்கை ரிம்மோடு ஒத்திருக்கவேண்டும்: 32 அல்லது 36. பாரத்துக்கு 36. ஹப்பின் ஓரவட்டம் மாறினால் கம்பி நீளமும் மாறும். பழைய கம்பியை அப்படியே போடலாம் என்று எண்ணவேண்டாம். டிஸ்க் ஹப் மட்டும் கிடைத்தால் டிஸ்க் இல்லாமலே பூட்டலாம், தடையில்லை. ரிம்மின் பிறேக் முகம் குழிந்து போயிருந்தால் இந்தச் சந்தர்ப்பத்திலேயே ரிம்மையும் மாற்றுங்கள்.

கசெற்றில் ஒரு வரிப்பள்ளம் மற்றவற்றைவிட வேறு அகலம். ஒரு வழியில் மட்டுமே உள்ளே போகும். உடலில் மெல்லியதாகக் கிறீஸ் பூசி, பெரியதிலிருந்து சிறியதுவரை ஏற்றி, பூட்டுவளையத்தை 40 நியூட்டன் மீற்றருக்கு இறுக்குங்கள். இறுக்கிய பின்னும் பற்சில்லுகள் ஆடினால் ஹப் உடல் நீளம் கூடியது: பதினொரு கியர் ரோட் உடல். பின்னால் 1.85 மி.மீ. வளையம் ஒன்று போட்டால் ஆட்டம் நிற்கும். ஏழு கியர் ஹப் உடல் குறுகியது. அதில் ஒன்பது கியர் கசெற் முழுமையாக ஏறாது.

126 மி.மீ. இரும்புப் பிறேமை விரிப்பதென்றால்: 10 மி.மீ. புரிக்கம்பி ஒன்றைக் கவைகளுக்கிடையே வைத்து, உட்பக்கம் நட்டும் வாஷரும் போட்டு மெதுவாகத் தள்ளுங்கள். இரும்பு திரும்பி வரும். ஆகவே வேண்டிய அளவைத் தாண்டித் தள்ளி, தளர்த்தி, அளந்து, மறுபடி தள்ளவேண்டும். ஒவ்வொரு முறையும் சிறிது சிறிதாக. பிறகு ஒரு நூலை இடக் கவையிலிருந்து ஹாண்டில் குழாயைச் சுற்றி வலக் கவைக்கு இழுத்துக் கட்டி, நூலுக்கும் சீற் குழாய்க்கும் உள்ள தூரத்தை இருபுறமும் அளவுங்கள். ஒரு பக்கம் கூடுதலாக விரிந்திருந்தால் இங்கே தெரியும். அந்தப் பக்கத்தைத் திரும்ப உள்ளே கொண்டுவந்து, மற்றப் பக்கத்தை விரிக்கவேண்டும். கவைகள் இரண்டும் ஒன்றுக்கொன்று இணையாக நிற்காவிட்டால் அச்சு நாளடைவில் ஒடியும்.

கிராங்கும் பிபியும்

பழைய சதுர அச்சுக் கிராங்கைக் கழற்றும்போது போல்ட்டோடு வாஷரையும் எடுத்துவிட்டீர்களா என்று பாருங்கள். வாஷர் உள்ளே இருக்கக் கழற்றியை இறுக்கினால் கிராங்கின் புரி பிய்ந்துவிடும். கழற்றியை முழுப் புரியும் கையால் ஏற்றிய பிறகே சாவி போடுங்கள்.

பிபி கப்பில் வலப்பக்கம், அதாவது செயின் பக்கம், எதிர்ப்புரி. கழற்ற வலஞ்சுழி, இறுக்க இடஞ்சுழி. இடப்பக்கம் வழக்கமான புரி. காரைநகர், வேலணை, பருத்தித்துறை போன்ற கடற்காற்று இடத்துச் சைக்கிள்களில் இது துருவால் ஒட்டியிருக்கும். ஊடுருவும் எண்ணெயை உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் விட்டு ஓர் இரவு விடுங்கள். சாவி நழுவாமல் இருக்க அதை ஒரு போல்ட்டும் வாஷரும் கொண்டு அச்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, நீளக் குழாய் மாட்டித் திருப்புங்கள். சாவி நழுவிக் கப்பின் பல் சிதைந்தால் பிறகு பெரிய வேலை.

இனி இரண்டு வழி. பழைய கிராங் நான்கு போல்ட், அந்தப் போல்ட்கள் அமைந்த வட்டம் 104 மி.மீ. என்றால் அதை வைத்துக்கொள்ளுங்கள். வெளிப் பற்சில்லையும் உட்பற்சில்லையும் கழற்றி, நடுப்பற்சில்லு இருந்த இடத்தில் அகலப்பல்லும் ஒடுங்கிய பல்லும் மாறி மாறி வரும் ஒற்றைப் பற்சில்லைப் பூட்டுங்கள். ஸ்ராம் 2012-இல் கொண்டுவந்த இந்தப் பல்லமைப்புத்தான் முன் டெரெய்லர் இல்லாமலே செயின் கழலாமல் நிற்கக் காரணம். பழைய போல்ட் இரண்டு பற்சில்லுக்குரிய நீளம். அதையே போட்டால் இறுகியது போலத் தெரியும், பற்சில்லு மட்டும் ஆடும். ஒற்றைப் பற்சில்லுக்குரிய குட்டைப் போல்ட் வாங்குங்கள். ஐந்து போல்ட் 110 மி.மீ. கிராங்கிலும் 36 பல் ஏறும். ஐந்து போல்ட் 94 மி.மீ. கிராங்குக்குப் பற்சில்லு தேடி அலைவதைவிடக் கிராங்கை மாற்றுவது நல்லது.

இரண்டாவது வழி, குழாய் அச்சோடு வரும் ஹொலோரெக் வகைக் கிராங். 68 மி.மீ. பெட்டிக்கு 2.5 மி.மீ. வளையம் வலப்பக்கம் இரண்டு, இடப்பக்கம் ஒன்று; 73-க்கு வலப்பக்கம் ஒன்று மட்டும். பெட்டியின் ஓரத்தில் பெயின்ற் திரண்டிருந்தால் சுரண்டி எடுங்கள். கப் சரிந்து உட்கார்ந்தால் பெயரிங் சீக்கிரம் கரகரக்கும். கப் 35 முதல் 50 நியூட்டன் மீற்றர், புரியில் தாராளமாகக் கிறீஸ். இடக் கிராங்கின் மூடியைக் கைவிரலால் மட்டும் ஆட்டம் போகும்வரை. பிறகு இரண்டு பக்கப் போல்ட்டையும் மாறி மாறி 12 முதல் 14 வரை. சதுர அச்சென்றால் கிராங் போல்ட் 35 முதல் 50. தளர்ந்த சதுரக் கிராங்கோடு ஒரு நாள் ஓடினாலே துளை விரிந்து கிராங் பாழாகும்.

பூட்டிய பின் செயின் கோட்டை அளவுங்கள். சீற் குழாயின் நடுவிலிருந்து பற்சில்லின் பல் நடுவரை 47 முதல் 50 மி.மீ. இருக்கவேண்டும். குழாய் 28.6 மி.மீ. என்றால் அதில் பாதி 14.3, குழாயின் வெளிமுகத்திலிருந்து பல்வரை 34 வந்தால் மொத்தம் 48.3, நல்லது. 52-ஐத் தாண்டினால் பெரிய பின்பற்சில்லில் செயின் கோணலாகி இரையும். சதுர அச்சில் ஒரு படி குட்டை பிபி போட்டு உள்ளே கொண்டுவரலாம்.

ஹாங்கரும் டெரெய்லரும்

பழைய பிறேமில் ஹாங்கர் நேராக இருக்கும் என்று நம்பவே வேண்டாம். எத்தனையோ முறை வலப்பக்கம் சாய்ந்து விழுந்திருக்கும். ஆறு கியரில் அது பொருட்டில்லை, ஒன்பதில் பொருட்டு. இதற்கான கருவி இல்லாவிட்டால் இன்னொரு பின்சில்லைப் பயன்படுத்தலாம். குயிக்-ரிலீஸ் பின் அச்சும் 10 மி.மீ., 1 மி.மீ. புரிதான், அதன் முனையை ஹாங்கர் துளையில் திருகி ஏற்றினால் இரண்டு சில்லும் பக்கத்தில் பக்கமாக நிற்கும். மேல், கீழ், முன், பின் நான்கு இடத்திலும் ரிம்களுக்கிடையே உள்ள தூரத்தை அளவுங்கள். வித்தியாசம் 3 மி.மீ.க்குள் இருந்தால் போதும். கூடினால் அந்தச் சில்லையே பிடித்து மெதுவாக வளைத்து நேராக்குங்கள். இரும்பு ஹாங்கர் பொறுக்கும். அலுமினியத்தைத் திரும்பத் திரும்ப வளைத்தால் ஒடியும். கழற்றி மாற்றக்கூடியதென்றால் புதிது போடுங்கள்.

டெரெய்லர் போல்ட்டைக் கிறீஸ் பூசி 8 முதல் 10 நியூட்டன் மீற்றருக்கு. பின்பக்கச் சிறு நாக்கு ஹாங்கரின் முனையில் சரியாக முட்டி நிற்கிறதா என்று பார்த்து இறுக்குங்கள். நாக்கு மேலேறி இறுகினால் வளைந்துவிடும். பழைய எட்டுக் கியர் டெரெய்லர்கள் பெரும்பாலும் 28 அல்லது 32 பல்வரைதான். வாங்கும் கசெற்றுக்கு அது தாங்குமா என்று பாருங்கள்.

ஷிஃப்டரும் பிறேக் பிடியும் ஒன்றாக வந்த பழைய செற் என்றால் இரண்டையும் மாற்றவேண்டும். வி-பிறேக்குக்கு வி-பிறேக் பிடி. பழைய கன்ரிலீவர் பிறேக்குக்கு அதன் பிடி. இழுப்பு அளவு வேறு. மாற்றிப் போட்டால் ஒன்றில் பிறேக் கட்டைபோல் இருக்கும், மற்றதில் பிடி ஹாண்டிலில் முட்டும்.

வயர்

நல்ல சாமானெல்லாம் பூட்டிவிட்டுப் பழைய அவுட்டரை (வயரின் வெளியுறையை) விட்டுவைப்பவர்கள் ஏராளம். கியர் அவுட்டர் 4 மி.மீ., உள்ளே கம்பிகள் நீளவாக்கில் போகும். பிறேக் அவுட்டர் 5 மி.மீ., கம்பி சுருளாகப் போகும். இழுத்தால் சுருள் நெரிந்து சில மி.மீ. விழுங்கிவிடும். ஒரு கிளிக்குக்கு 2.5 மி.மீ.தான் இழுப்பு என்பதை நினைத்துப் பாருங்கள். பிறேக் அவுட்டரில் கியர் ஒருநாளும் கிளிக்குக்கு நிற்காது. அதேபோல் கியர் அவுட்டரைப் பிறேக்குக்குப் போட்டால் பலமாகப் பிடிக்கும்போது வெடிக்கும். அது உயிருக்கு ஆபத்து.

வெட்டிய முனையை அரத்தால் தட்டையாக்கி, நசிந்த உட்குழாயைக் குண்டூசியால் திறந்து, முனைத்தொப்பி போடுங்கள். பிபிக்குக் கீழே வயர் ஓடும் பிளாஸ்ரிக் வழியில் செம்மண்ணும் மணலும் இறுகியிருக்கும். கழுவுங்கள், வெட்டு விழுந்திருந்தால் மாற்றுங்கள். கடலோரத்தில் இருப்பவர்கள் அவுட்டரைத் துண்டு துண்டாக நிறுத்தும் பிறேமின் தடுப்புகளை விட்டுவிட்டு, ஷிஃப்டரிலிருந்து டெரெய்லர் வரை ஒரே முழு அவுட்டராக இழுத்துப் பிளாஸ்ரிக் கட்டுக்களால் கட்டலாம். உப்புக்காற்று உள்ளே போகும் வாசல்கள் இரண்டாகக் குறையும். உள்வயர் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும்.

செயின்

கசெற் புதிதென்றால் செயினும் புதிதுதான். பழைய செயினின் ஆணிகள் தேய்ந்து நீண்டிருக்கும். புதுப்பல்லில் அது ஏறி உட்காராமல் குதிக்கும், பல்லையும் தின்னும். நீளத்தை இப்படி எடுங்கள்: டெரெய்லருக்குள் விடாமல், முன் பற்சில்லையும் பின்னால் மிகப் பெரியதையும் சுற்றிச் செயினை இழுத்துப் பிடியுங்கள். முனைகள் சேரக்கூடிய இடத்திலிருந்து மேலும் ஓர் அங்குலம், அதாவது ஓர் உள்கண்ணியும் ஒரு வெளிக்கண்ணியும், கூட்டி வெட்டுங்கள். கணக்காகவும் சரிபார்க்கலாம்: பிபியிலிருந்து பின் அச்சுவரை 425 மி.மீ., முன் 36, பின் 32 என்றால், அந்தத் தூரத்தின் இருமடங்கு அங்குலத்தில் 33.5, அதோடு முன், பின் பல்லின் காற்பங்கான 9, 8, மேலும் 1 கூட்டினால் 51.5, கண்ணியாக 103. ஒற்றை எண்ணில் சேராது என்பதால் 104. கடையில் வரும் 116 கண்ணிச் செயின் தாராளம். 42-க்கு மேற்பட்ட பெரிய கசெற்றுக்கு அந்தக் கம்பனி சொல்லும் கண்ணி எண்ணிக்கையைப் பின்பற்றுங்கள்; அவை சற்று நீளம் கேட்கும்.

சரிப்படுத்தல்

வயரைக் கட்டுமுன்பே எல்லை ஸ்குறூ இரண்டையும் சரிசெய்யுங்கள். எச் என்ற ஸ்குறூவைத் திருப்பி, டெரெய்லரின் மேல் உருளி மிகச் சிறிய பற்சில்லின் வெளியோரத்துக்கு நேர் கீழே வரச் செய்யுங்கள். டெரெய்லரைக் கையால் உள்ளே தள்ளி, எல் ஸ்குறூவால் உருளி மிகப் பெரியதுக்கு நேரே நிற்கச் செய்யுங்கள். எல் தளர்ந்திருந்தால் செயின் கம்பிக்குள் விழும்; டெரெய்லர், ஹாங்கர், கம்பி மூன்றும் ஒரே கணத்தில் போகும்.

பிறகு ஷிஃப்டரைக் கடைசிச் சிறிய கியருக்கு விட்டு, வயரை இழுத்து 6 நியூட்டன் மீற்றருக்கு இறுக்குங்கள். ஒரு கிளிக் அமுக்கி மிதித்தால் செயின் இரண்டாவதுக்கு ஏறவேண்டும். ஏறத் தயங்கினால் சரிப்படுத்தியை (வயர் நுழையும் இடத்தில் கையால் திருகும் உருளையை) அரைச் சுற்று இடஞ்சுழியாக. இறங்கத் தயங்கினால் வலஞ்சுழியாக. மிகப் பெரிய பற்சில்லில் செயின் இருக்கும்போது அதற்கும் மேல் உருளிக்கும் இடையே 5 அல்லது 6 மி.மீ. இருக்கும்படி பின்பக்க ஸ்குறூவைத் திருப்புங்கள்.

ஏறுவது சரி, இறங்குவது மட்டும் மந்தம் என்றால் வயர் எங்கோ உரசுகிறது. டெரெய்லரில் குறை தேடாதீர்கள். நடுக் கியர்கள் மட்டும் இரைந்தால் ஹாங்கரை மறுபடி பாருங்கள். பலமாக மிதிக்கும்போது மட்டும் ஒரே பற்சில்லில் குதித்தால் அந்தப் பற்சில்லு தேய்ந்தது. எல்லாவற்றிலும் குதித்தால் செயினில் இறுகிய கண்ணி ஒன்று இருக்கும். பின்னோக்கி மெதுவாகச் சுற்றினால் உருளியில் அது தாண்டுவது தெரியும்.

முதல் 50 கிலோமீற்றர் ஓடியதும் கிராங் போல்ட், பற்சில்லுப் போல்ட், கசெற் வளையம் மூன்றையும் மறுபடி இறுக்கிப் பாருங்கள். புது வயரும் இந்தக் காலத்துக்குள் சற்று இழுபடும். சரிப்படுத்தியைக் கால் சுற்றுத் திருப்பினால் போதும். தீவுப் பக்கம் போய் வந்த நாளில் நல்ல தண்ணீரால் கழுவித் துணியால் துடையுங்கள். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம், தானாகக் காயவிட்டால் வெள்ளைப் படிவு தங்கும். தடித்த எஞ்சின் ஒயிலைச் செயினில் ஊற்றாதீர்கள். செம்மண் தூசியை ஒட்டிப் பிடித்து அரைக்கும் பசையாகிவிடும். மெல்லிய எண்ணெய் கண்ணிக்கு ஒரு துளி, வெளியே நிற்பதைத் துடைத்துவிடுங்கள். செயினில் 12 அங்குலத்தை அடிமட்டத்தால் மாதம் ஒருமுறை அளந்து வாருங்கள். ஆணியிலிருந்து ஆணிக்கு 12 அங்குலத்தைவிட ஓர் அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்கு கூடியதும் செயினை மாற்றினால் கசெற் தப்பும். எட்டில் ஒரு பங்கு கூடும்வரை விட்டால் கசெற்றையும் சேர்த்து மாற்றவேண்டி வரும்.